குட்டையைக் குழப்பியவர்

வாசலில் நின்று, செருப்பின் அடியில் ஒட்டிய செம்மண்ணை நகத்தால் சுரண்டி, எச்சில் தொட்டு, விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்த பிறகுதான் அக்கா வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார். கணவருக்குப் பழகிவிட்டது. "ஆராய்ச்சி முடிஞ்சா கையைக் கழுவிட்டு வா, சாப்பாடு ஆறுது" என்பார்.

அக்காவுக்கு மண் ஆய்வுக்கூடத்தில் வேலை. களி மிகுந்த செம்மண்ணின் துகள்கள்மேல் மின்னேற்றம் எவ்வளவு, அது நேரா எதிரா என்று அளக்க வேண்டும். யாராவது கேட்டால் இவரே முந்திக்கொள்வார்: "மண்ணுக்குக் கரண்ட் பாக்கறேங்க. பல்பு எரியுமான்னு கேக்காதீங்க, இதுவரைக்கும் எரியல." உறவுக்காரர்களுக்கு அவர் கரண்ட் அக்கா.

அவர் கணக்கில் செம்மண் ஒரு கட்சிமாறி. புளிப்பு ஏறினால் நேர்மின் பக்கம் சாயும். சுண்ணாம்பைக் கண்டால் எதிர்மின் பக்கம் தாவும். நடுவில் எந்தப் பக்கமும் சாராத ஓர் இடம் உண்டு. "ஒரே கரண்ட் இருந்தா ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு தண்ணியில மிதக்கும். கரண்ட் போனாத்தான் ஒட்டிக்கிட்டு அடியில உக்காரும். எங்க குடும்பம் மாதிரியேதான்."

போன கோடையில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் தம்பி கூப்பிட்டார். புதிதாக வெட்டிய குட்டையில் தண்ணீர் செக்கச்செவேலென்று நின்றது, தெளியவே இல்லை. சொட்டுநீர்க் குழாய்கள் அடைத்து நாற்றுகள் வாடத் தொடங்கியிருந்தன. அக்கா கரையோரம் ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய் அளந்தார். எதிர்மின். அந்த மண்ணைக் கரைத்துக் கொஞ்சம் அமிலம் விட்டதும் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. அதே கணக்கில் குட்டையிலும் ஊற்றச் சொன்னார். மறுநாள் போய்ப் பார்த்தால், தண்ணீர் முன்னைவிடக் கெட்டியாகக் கலங்கியிருந்தது.

"என்னக்கா இது?"

"குட்டையைக் குழப்பறதுன்னு கேள்விப்பட்டிருப்பே. பட்டம் வாங்கிட்டு வந்து அதைச் செஞ்சவ நான் ஒருத்திதான்."

தம்பி சிரிக்கவில்லை. வாடிக் கிடந்த நாற்றுத் தட்டுகளைப் பார்த்ததும் அக்காவுக்கும் சிரிப்பு நின்றுபோனது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் உறைத்தது: தான் அள்ளியது மேல்மண். குட்டையில் கலங்குவதோ ஆழத்தில் வெட்டிய அடிமண். அதை எடுத்துப்போய் அளந்தால் நேர்மின். அமிலம் விடவிட அந்த மின்னேற்றம் இன்னும்தான் ஏறும்; அதற்கு வேண்டியது சுண்ணாம்பு.

"மேல்மண் வேற, அடிமண் வேறன்னு ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கறேன். எனக்கு யாருடா எடுக்கறது?" என்று தம்பியிடம் புலம்பிக்கொண்டே, குட்டைத் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்து, ஒன்றில் கொஞ்சம் கூட்டி, ஒன்றில் கொஞ்சம் குறைத்துச் சுண்ணாம்பு நீர் விட்டு வரிசையாக வைத்தார்.

கடைசியில் பாதி நாற்றுகளாவது பிழைத்தது அன்று மாலை செய்த இந்தச் சோதனையால்தான். ஒரே ஒரு பாட்டிலில் மண் அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. தம்பி அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"தெளிஞ்சிருச்சுக்கா. இதே கணக்குல குட்டையில ஊத்திரலாமா?"

அக்கா பாட்டிலை வாங்கினார். மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்கி, மறுபடியும் சிவந்து கலங்கியதைக் கரையில் வைத்துவிட்டு, இன்னொரு தடவையும் தெளிகிறதா என்று பார்க்க அதன் எதிரே குந்தி உட்கார்ந்தார்.