சிறுகோளுக்கு வைத்த பேர்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குத் துணி பார்க்கும் வேலை. ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அங்கே பெண்களைப் பிள்ளையின் பேரோடு அம்மா சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் செக்கிங் அக்கா. எங்கள் பெண் பிறந்த சில நாட்களிலேயே போய்விட்டாள். பேர் வைக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தோம், பாழாய்ப்போன நல்ல நாள். நினைத்து வைத்திருந்த பேர் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

யார் வேண்டுமானாலும் சிறுகோள் தேடலாம் என்ற விஷயம் போனில் கண்ணில் பட்டது. வானத்தின் ஒரே இடத்தைச் சற்று நேரம் விட்டு விட்டுத் தொலைநோக்கியில் எடுத்த படங்களை அனுப்புவார்கள். மாற்றி மாற்றிப் பார்த்து, நகரும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். அது புதியது என்று உறுதியானால், கண்டுபிடித்தவர் அதற்கு ஒரு பேர் சொல்லலாமாம். அதைப் படித்த பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஞாயிறு மதியங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு நாள் மங்கலாக ஒரு புள்ளி. படத்துக்குப் படம், ஒரே கோட்டில், சம தூரம் தள்ளித் தள்ளி இருந்தது. நிட்டிங் மெஷின் ஓட்டும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சம தூரத்துல வந்தா மெஷின் கோளாறு புள்ள. உட்டுரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. துணியில் ஒரே இடைவெளியில் குறை வந்தால் மெஷினைத்தான் பார்ப்போம், நூலைத் திட்ட மாட்டோம். அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அப்புறம் காபிக்குப் பால் வைக்கும்போதுதான் உறைத்தது. சூரியனைச் சுற்றுகிற கல் சீராக நகராமல் பின்னே குதித்துக் குதித்தா போகும்?

"ஏனுங்க, அது துணி இல்லீங்க, வானமுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பால் பொங்கி வழிந்தது. புள்ளியை அனுப்பிவிட்டோம்.

பிறகு வெறும் காத்திருப்பு. மற்றவர்களும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பாதையைக் கணக்கிட வேண்டும். இடையில் தொலைந்துபோகிற கற்களும் உண்டாம். இதையும் தொலைத்துவிடுவேனோ என்று வருடக்கணக்கில் பயந்தேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவழியாக அதற்கு எண் கிடைத்தது, பேர் கேட்டார்கள். இந்த முறை நாள் பார்க்கவில்லை, அன்றைக்கே அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

டீ நேரத்தில் கம்பெனியில் சொன்னேன். தையலில் இருக்கும் தூத்துக்குடிக்காரப் பெண் கேட்டாள்.

"யாரு பேருக்கா அது?"

"எம் பொண்ணு பேருங்க."

டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனோம்.

சாயங்காலம் அவள் ஒரு துணியைத் தூக்கிக் காட்டி, என் பெண்ணின் பேரோடு அம்மா சேர்த்து, "இத கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் அது நான் என்று புரிந்தது.