கூப்பிடத் தெரிந்த சேவல்

மதுரை விடுதியில், வீட்டிலிருந்து வந்த வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்ததுமே, தான் ஒன்றும் தின்னாமல் எங்களையெல்லாம் கூப்பிட்டாள் மேரி. அந்த வாசத்தில் நான் பஸ் எட்டிப்பார்க்காத எங்கள் வடகவுஞ்சி வீட்டுக் கொல்லைக்கே போய்விட்டேன்.

நான்கு இளஞ்சேவல்களில் ஒன்றைத்தான் அம்மா வைத்துக்கொள்வாள், மற்றவை குழம்புக்கு. கடலையைப் போட்டதும் விழுங்காமல் கொக்கரித்துக் கோழிகளைக் கூப்பிடுகிற சேவல்தான் தங்கும். என் செல்லச் செவலையோ பெருந்தீனி. சோதிக்கிற அன்று வெள்ளனே எழுந்து, அதற்கு வயிறு முட்டக் கேழ்வரகு கொடுத்துவிட்டேன். அம்மா போட்டபோது அது கடலையைத் தொடாமல் கோழிகளை அழைத்தது!

அம்மா அதைத் தூக்கிக் கழுத்தடியில் புடைத்திருந்த தீனிப்பையைத் தடவிப் பார்த்தாள்.

“ஏண்டி, வயிறு ரொம்பிக் கெடந்தா யாருதான் கூப்பிட மாட்டாக? நாளைக்குப் பசியோட பாப்பம்.”

மறுநாள் செவலை ஒரு கடலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை நான் தொடவில்லை.

மேரியின் கடலையை மென்றபடியே எழுந்தேன். மூன்று நாளாகப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த ஆயக்குடிக் கொய்யாக்களை எடுத்துக்கொண்டு வந்து எல்லாரையும் கூப்பிட்டேன்.