அசையாத அட்ஜஸ்டபிள் ஸ்டாண்ட்

வீட்டில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுப் போட்டு எனக்குக் கழுத்து வலி. திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

இன்று கணவரோடு டவுனுக்குப் போய், உயரத்தை ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட் ஒன்றைப் பார்த்தேன்.

கடைக்காரர் மூச்சைப் பிடித்துத் திருகினார். அது உச்சியிலிருந்து இறங்கவே இல்லை.

"புதுசும்மா, டைட்டா இருக்குது. தலகாணி போட்டு உக்காந்துக்கோங்க."

"அப்போ எதுக்குங்க அட்ஜஸ்டபிள்னு போட்டிருக்குது?"

"கொஞ்சம் நாமதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"கரெக்டாதானே சொல்றாரு?" என்றார் என் கணவர்.

வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அவர் பொத்திப் பொத்திச் சேர்த்த கிரிக்கெட் பத்திரிகைக் கட்டு இப்போது மானிட்டருக்கு அடியில், பூப்போட்ட துணிக்குள் இருக்கிறது. உயரம் கச்சிதம்.

மனிதர் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார். இதைப் படிக்கும் அவருடைய நண்பர்களே, எத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருப்பீர்கள்?