நான் தபாலில் போடாத கடிதம்

2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் என் நண்பரிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய ஒரு கடிதத்தைத் தபாலில் போடாமலே, போட்டாயிற்று என்றேன். அதனால் அவர் மூன்று மாதத்துக்கு மேலாக, தனக்குத் தாய் போலிருந்த ஒருத்தி தன் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. இவ்வளவு காலமும் எனக்குச் சார்பாகப் பல நியாயங்கள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

நண்பருக்கு நோர்பரியில் மரக்கறிக் கடை. லண்டனுக்கு வருமுன் இத்தாலியில் ஒரு மலை ஊரில் ஏழு வருடம், பத்திரம் ஒன்றும் இல்லாமல், ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தவர். அந்தக் கடை ஒரு விதவைப் பெண்ணுடையது. சிஞ்ஞோரா என்றுதான் அவரைச் சொல்லுவார். அது அங்கே ஒரு பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல். அடுப்புக்குப் பின்னால் இருந்த அறையை நண்பருக்குப் படுக்கக் கொடுத்தவரும் அந்த அம்மாதான். அவரைப் பற்றி நண்பர் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

“எனக்கு ஒருக்கால் காய்ச்சல், மாஸ்டர். உங்கட ஊரில சோறுதானே சாப்பிடுவியள் எண்டு, பாலில சோத்தை அவிச்சு சீனி தூவிக் கொண்டுவந்து தந்தவ. வாயில வைக்க ஏலாது. அழுதழுது சாப்பிட்டன்.”

“ருசிக்கோ, பாசத்துக்கோ?”

“ரெண்டுக்கும்தான்.”

அப்படிப்பட்டவரிடம் அவர் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டார். லண்டனுக்குக் களவாக ஆள் ஏற்றும் வான் உடனே வெளிக்கிடுகிறது என்று ஏஜென்ட் வந்து நிற்க, சிஞ்ஞோரா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். பிறகு எழுதவும் இல்லை. அவருக்கு இத்தாலிய மொழி பேச வரும், எழுத வராது. பதினெட்டு வருடம் அந்த வெட்கத்தோடு இருந்தார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவன். இங்கே ஓய்வு பெறும்வரை ஒரு கவுன்சில் அலுவலகத்தில் கிளார்க். எங்கள் பக்கத்துச் சனத்துக்குக் கடிதம் என்றால் மாஸ்டர்தான். கவுன்சிலுக்கு, டாக்டருக்கு, வீசாவுக்கு, எல்லாம் என் சாப்பாட்டு மேசையில் எழுதப்பட்டவை. அவர்கள் வந்து சொல்லுவார்கள், நான் எழுதுவேன், முத்திரையும் என் வீட்டிலேயே இருக்கும், நானே போட்டுவிடுவேன். போட்டீர்களா என்று ஒருவரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

2009 இளவேனிலில் நாங்கள் இருவரும், வன்னியில் போரை நிறுத்தக் கேட்டு, பாராளுமன்றத்துக்கு எதிரே சனத்தோடு சனமாக நாள்கணக்கில் நின்றோம். மே மாதத்துக்குப் பிறகு, அங்கே இருந்த அவருடைய அக்காவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஜூலையில் செய்தி வந்தது. அக்கா இல்லை. அவர் ஒரு கிழமை கடையைப் பூட்டினார். திறந்த அன்று என்னிடம் வந்து, “இருக்கிற ஆக்களையாவது போய்ப் பார்ப்பம் மாஸ்டர்,” என்றார். சிஞ்ஞோரா உயிரோடு இருக்கிறார், கடையை மூடிவிட்டு அதே வீட்டில் இருக்கிறார் என்று இத்தாலியிலிருந்து எங்களுக்குப் பக்கத்து மோர்டனுக்கு வந்த ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

எனக்கு வேறொரு ஆசை இருந்தது. சியென்னா, அசீசி, ஒர்வியேட்டோ போன்ற பழைய நகரங்களைப் பற்றி முப்பது வருடமாக வாசித்தவன், ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. “பாஷை என்ர, சரித்திரம் உங்கட. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள்,” என்று அவர் சிரித்தார். அக்காவின் செய்திக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

முதலில் கடிதம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இத்தாலிய மொழியில் சொன்னார். அந்த வேகத்துக்கு எனக்கு ஆங்கில எழுத்து ஓடவில்லை. காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதினேன். ‘காரா சிஞ்ஞோரா’, அதாவது அன்பான அம்மா, என்று தொடங்கி இரண்டு பக்கம். பிறகு அகராதியைப் பார்த்து அவர்களுடைய எழுத்தில் திருத்தி எழுதிப் போடுவதாக ஒப்புக்கொண்டேன். என்ன சொன்னீர் என்று கேட்டேன். “சொல்லாமல் வந்தது பிழை, ரெண்டு மூண்டு கிழமையில ஒரு வியாழக்கிழமை வாறன், கோவம் எண்டா கதவைத் திறக்க வேண்டாம், நான் விளங்கிக்கொள்ளுவன் எண்டு,” என்றார். திகதியையும் சொன்னார்.

அதை நான் எழுதிப் போடவில்லை. காரணம் இதுதான். எங்களுக்கு மொத்தம் ஒன்பது நாள். வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனால் அந்த அம்மா சமைப்பார், சொந்தக்காரரைக் கூப்பிடுவார், இரண்டு நாள் மறிப்பார். திடீரென்று போய் நின்றால் ஒரு தேத்தண்ணியோடு எழும்பி, பின்னேரமே ஒர்வியேட்டோவுக்குப் போய்விடலாம். எங்கள் சனத்தில் யார் கடிதம் போட்டுவிட்டு ஒரு வீட்டுக்குப் போகிறார்கள்? பெல்லை அடித்தால் கதவு திறக்கும். அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். தாளை மடித்து என் பயண வழிகாட்டிப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

“போட்டாச்சோ மாஸ்டர்?”

“ஓம், போட்டாச்சு.”

முதல் நாட்கள் மிக நன்றாக இருந்தன. சியென்னாவின் பெரிய தேவாலயம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “எங்கட கோயில் மதில் மாதிரிக் கோடு அடிச்சிருக்கிறாங்கள். காவிதான் கிடைக்கேல்லைப் போல,” என்றார். நான் எந்த நூற்றாண்டு, யார் கட்டியது என்று விளக்குவேன். ஒரு பத்து நிமிடம் கைகட்டிக் கேட்பார். பிறகு மெதுவாக நழுவி, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் பின்கதவில் நின்று குசினிக்காரரோடு கதைத்துக்கொண்டிருப்பார். “முன்வாசல் உங்களுக்கு, பின்வாசல் எனக்கு,” என்பார். திரும்பி வரும்போது கையில் எனக்கொரு தட்டு இருக்கும். என் பிரஷருக்காக உப்பைக் குறைக்கச் சொல்லி, தானே பக்கத்தில் நின்று பார்த்துச் செய்வித்த தட்டு. அசீசியின் ஏற்றங்களில் என் பையையும் அவரே சுமந்தார். நான் மூச்சு வாங்கும்போதெல்லாம், தனக்குத்தான் களைக்கிறது என்று சொல்லி இருந்துவிடுவார்.

வியாழக்கிழமை காலையில் அவர் சேவ் எடுத்து, டை கட்டினார். ஒரு கம்பளிச் சால்வையும் எங்கள் ஊர்த் தேயிலைப் பக்கெட் ஒன்றும் அவர் கையில். பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து அந்த வீட்டுக்கு வழி கேட்காமலே நடந்தார். ஜன்னல் பலகைகள் எல்லாம் மூடியிருந்தன. பெல்லை அடித்தார். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தரம். எதிர்வீட்டில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் ஏதோ சொன்னாள். அவர் எனக்கு மொழிபெயர்த்தார்.

“செவ்வாய்க்கிழமை மகளோட கடலுக்குப் போயிட்டாவாம். திங்கள்தான் வருவாவாம்.”

எங்கள் விமானம் சனிக்கிழமை.

“கடிதம் போட்டு ரெண்டு கிழமைக்கு மேல, என்ன மாஸ்டர்?”

“ஓம்.” அது இரண்டாவது பொய்.

“அப்ப கிடைச்சுத்தான் போயிருக்கிறா.”

“தபால் சிலவேளை பிந்தும்...”

“இல்லை மாஸ்டர். நான் சொல்லாமல் வந்தனான். அவவும் சொல்லாமல் போயிருக்கிறா. சரிதானே.”

சாமானை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வரலாமே என்றேன். கோபமாக இருப்பவருக்குச் சாமான் கொடுத்துச் சமாளிக்கக் கூடாது என்றார். கதவின் பித்தளைப் பிடியில் தூசி படிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து அதைத் துடைத்தார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, சந்தியில் இருந்த மணிக்கூண்டு எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

பின்னேரம் ஒர்வியேட்டோவைப் பார்த்தோம். முப்பது வருட ஆசை. இன்று எனக்கு அங்கே ஒரு கல்லும் ஞாபகத்தில் இல்லை.

டிசம்பரில் ஒருநாள் அவருடைய கடைக்குப் போனேன். வெண்டிக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, “ஒரு கடிதம் எழுத வேணும் மாஸ்டர்,” என்றார். “அவவுக்குத்தான். வந்து கரைச்சல் குடுத்ததுக்கு மன்னிக்கச் சொல்லி. இனி வரமாட்டன் எண்டும் எழுதுங்கோ. நிம்மதியா இருக்கட்டும்.”

அதை என்னால் எழுத முடியவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன். போடவில்லை, போட்டதாகச் சொன்னது பொய், ஒர்வியேட்டோவைப் பார்க்கிற அவசரத்தில் செய்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவருடைய முகத்தில் முதலில் வந்தது வெளிச்சம்.

“அப்ப அவவுக்கு நான் வந்தது தெரியாது?”

“தெரியாது.”

“கோவம் இல்லை?”

“எனக்கெப்படித் தெரியும்? கடிதம் போகேல்லை, அவ்வளவுதான்.”

வெண்டிக்காயைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். “என்னை ஒரு தரம் கேட்டிருக்கலாமே மாஸ்டர். ஒர்வியேட்டோ வேணும் எண்டா நான் மாட்டன் எண்டிருப்பனோ?” என்று மட்டும் சொன்னார். ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். நண்பர் தராசடிக்குப் போய்விட்டார்.

வழிகாட்டிப் புத்தகத்துக்குள் கிடந்த அந்தத் தாளை எடுத்து, நான்கு நாள் அகராதியோடு இருந்து இத்தாலிய எழுத்தில் எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டு, அவர் வருவதாக எழுதிய கடிதத்தை அனுப்பாமல் விட்டவன் நான், குற்றம் அவருடையதல்ல என்று சேர்த்தேன். எங்கள் தெருமுனையில் கோப்பிக்கடை வைத்திருந்த ஓர் இத்தாலியப் பெண் பென்சிலால் பிழை திருத்தித் தந்தாள். தபாற்கந்தோரில் பதிவுத் தபாலாகப் போட்டு, சிட்டையை நண்பரின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

தைப்பொங்கலுக்குப் பிறகு பதில் வந்தது. மகளின் கையெழுத்து, தாயின் சொற்கள். டை கட்டிய ஒரு கறுத்த மனிதர் கதவுப்பிடியைத் துடைத்துவிட்டுப் போனதாக எதிர்வீட்டுப் பெண் சொன்னாளாம். யாரென்று அந்த அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டதாம். திங்கள்வரைகூட அவன் காத்திருக்கவில்லையே, அன்று சொல்லாமல் போன கோபம் இன்னும் என்னில் தீரவில்லையோ என்று அவரும் இவ்வளவு நாளும் அழுதிருக்கிறார்.

ஈஸ்டருக்கு நண்பர் தனியாகப் போனார். அது எனக்கு அவருடைய மனைவி சொல்லித்தான் தெரியும். திரும்பி வந்து ஒரு போத்தல் அத்திப்பழ ஜாமை என் மேசையில் வைத்தார். “கடிதம் எழுதின ஆளுக்குக் குடுக்கட்டாம்,” என்றார். அதைத் திறக்க எனக்குப் பல நாள் சென்றது.

அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. மாம்பழம் வந்தால் முதற் பெட்டி எனக்குத்தான். ஆனால் எழுதச் சொல்லிக் கடிதம் ஒன்றும் கொண்டுவரவில்லை. கவுன்சிலுக்கும் சிஞ்ஞோராவுக்கும் அவருடைய மகள்தான் எழுதினாள். இரண்டு வருடம் சென்று ஒருநாள் ஒரு வெற்றுத்தாளோடு வந்து மேசையில் இருந்தார். மகளுக்குக் கலியாணம் முடிந்து, அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

“காரா சிஞ்ஞோரா,” என்று தொடங்கினார். நான் எழுதினேன். முடித்து உறையில் போட்டு ஒட்டியதும் வழக்கப்படி என் பக்கம் வைத்தேன். அவர் கையை நீட்டி அதை எடுத்தார்.

“எழுதுறது நீங்கள். போடுறது நான்.”

சிஞ்ஞோரா காலமாகி இப்போது பல வருடம். நண்பரும் நானும் இன்றைக்கும் கவுன்சிலுக்கு ஏதாவது எழுதினால், இரண்டு பேரும் தடியை ஊன்றிக்கொண்டு சந்தியிலுள்ள சிவப்புத் தபால்பெட்டிவரை நடக்கிறோம். அவர் கடிதத்தை உள்ளே தள்ளிவிட்டு, விழுந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். ஒருநாளாவது என் கையால் போடட்டுமா என்று நான் கேட்டதில்லை.