மாப்பிள்ளை வேட்டியும் இரண்டு சாரைகளும்

அப்புறம் என்ன, அடித்தே கொன்றுவிட்டார்களாம், தங்கச்சி. மேல் லயத்துக்காரி அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிகிறாள். விறகு அடுக்கில் கிடந்ததாம், கை பருமனாம், ஆள் நீளத்துக்கு மேலாம், கண்டதும் ஓடப் பார்த்ததாம். அப்படியென்றால் அது சாரை. அரிசிச் சாக்கை எலி ஓட்டை போடுகிறது என்று போன வாரம்தான் இதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள். எலி பிடிக்க வந்தவனை அடித்துப் போட்டுவிட்டாள். இனி எலிகளுக்கு ரொட்டி சுட்டுப் போடட்டும்.

நீ உட்கார். அந்தப் பலகையில் வேண்டாம், அது ஆடும். தேத்தண்ணி கொதிக்கட்டும்.

எனக்குப் பாம்பென்றால் பயமில்லை என்று நினைத்துவிடாதே. பயம் உண்டு. ஆனால் எந்தப் பாம்புக்கு எவ்வளவு பயப்படுவது என்று ஓர் அளவு வேண்டாமா? என் நாத்தனாருக்குப் பரிசம் போட வந்தார்களே, அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்த அளவு தெரியாமல்தான் அத்தனை கூத்தும் நடந்தது.

அப்போது பங்களாவில் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். நான் கல்யாணமாகி அட்டன் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு தீபாவளிதான் ஆகியிருந்தது. லயத்து வரிசையில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. அதற்குள் மாமனார், மாமியார், நாத்தனார், நான், என் வீட்டுக்காரர், அப்புறம் ஒரு சேவல். சேவலுக்குத்தான் இடம் தாராளம்.

மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. அத்தை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டார். சேவலைப் பார்த்துத்தான் பேசுவார். "சில பேரு ஊருல உப்பு சும்மா கெடைக்கும் போலருக்கு, அள்ளிப் போடுறாக" என்பார். நானும் விடுவேனா? "சில பேரு நாக்குக்கு எதைப் போட்டாலும் ஒறைக்காது, என்ன சேவலு?" என்பேன். பாவம், அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று முழிக்கும்.

ஆனால் மலையில் கொழுந்து எடுப்பதில் அத்தையை மிஞ்ச ஆளில்லை. கை பறக்கும். பக்கத்து நிரையில் நின்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். நம் கையில் மட்டக்கம்பு இருக்கும், உனக்குத் தெரியாததா? தேயிலைச் செடியின் தலையில் அதைக் குறுக்கே போட்டு, அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தைக் கிள்ளுவோம். கங்காணிக்கு அந்தக் கம்பு செடி மட்டமாக நிற்பதற்கு. எங்களுக்கு அது பாம்புக்கு. செடியை முதலில் ஒரு தட்டு தட்டவேண்டும். தட்டினால் சாரை ஓடிவிடும். மானமுள்ள எந்தப் பாம்பும் ஓடிவிடும். பச்சை விரியன் மட்டும் ஓடாது. இலை நிறத்திலேயே கொப்பைச் சுற்றிக்கொண்டு, கள்ளுக் குடித்தவன் மாதிரி அசையாமல் கிடக்கும். அதனால் தட்டினால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். கண் போகாத இடத்துக்குக் கை போகக்கூடாது.

பரிசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் டிக்கோயாவிலிருந்து நடந்தே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையை நாத்தனார் மாரியம்மன் தேரில் பார்த்திருந்தாள். வடம் பிடிக்கும்போது வழுக்கி விழுந்து, எழுந்து, தானே சிரித்தானாம். அந்தச் சிரிப்பிலேயே இவள் மயங்கிவிட்டாள். இவனைத் தவிர வேறு யார் வந்தாலும் அடுப்புக்குள் தலையை விடுவேன் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தாள்.

சிக்கல் மாப்பிள்ளையின் அப்பா. மரியாதையில் ஒரு முடி குறைந்தால் எழுந்து போகிற மனிதர். ஏற்கெனவே ஒரு வீட்டில் வெற்றிலை வாடியிருந்தது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். அதனால் அத்தை அட்டன் கடைத்தெருவில் அரை நாள் அலைந்து, பட்டுக்கரை போட்ட வேட்டி ஒன்று எடுத்து வந்திருந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், நடுவில் அந்த வேட்டி. சேவல் பக்கத்தில் போகாதபடி அத்தையே காவல்.

என் வீட்டுக்காரர் அவர்களை எதிர்கொண்டு அழைத்துவரப் போயிருந்தார், வாசலில் நான் சாணம் தெளித்துக்கொண்டிருந்தேன். லயத்துக்குப் பின்னால் மாமனார் போட்ட சத்தத்தில் கையிலிருந்த சட்டி நழுவியது.

"ஏ, வாங்கடி! நாகமும் சாரையும் பின்னுது! நாகமும் சாரையும் பின்னுது!"

மாமனார் ஆயுள் முழுக்கக் காத்திருந்த காட்சி அது. பாம்புகள் பின்னும்போது புது வெள்ளைத் துணியை மேலே போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் குடும்பம் ஓகோவென்று இருக்கும் என்று நம் ஆட்கள் சொல்வதில்லையா? அவர் வாலிபத்தில் ஒருமுறை பார்த்தாராம், அப்போது இடுப்பில் இருந்தது அழுக்குக் கோவணமாம். அந்தக் குறை அவர் நெஞ்சிலேயே இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பீர்க்கம் பந்தலுக்கு அப்பால், தேயிலைச் செடி தொடங்குகிற ஓரத்தில், புல்லில் இரண்டும் முறுக்கிக்கொண்டு இடுப்புயரத்துக்கு எழும்பி நின்றன. எழும்புவதும் விழுவதுமாக இருந்தன. நாங்கள் நிற்பதைக் கண்டுகொள்ளவே இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

ஆனால் நாகம் எங்கே? இரண்டும் ஒரே நிறம், ஒரே தலை, படமே கிடையாது. இரண்டும் சாரை. அதுவும் ஒன்றின் தலையை மற்றது தரையில் வைத்து அமுக்கப் பார்க்கிறது. என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் ஒரே பாய்க்கு இப்படித்தான் கட்டிப் புரளுவார்களாம். கொஞ்சுகிற பாம்பு ஏன் தலையை அமுக்குகிறது?

"மாமா, இது சண்டை மாதிரியில்ல இருக்கு? ரெண்டுமே சாரைங்க" என்றேன்.

யாரிடம் சொன்னேன்? மாமனார் அங்கே இல்லை. வீட்டுக்குள் பாய்ந்தவர் திரும்பி வந்தபோது கையில் மாப்பிள்ளை வேட்டி! பின்னாலேயே அத்தை, தலைமுடி அவிழ்ந்தபடி.

"பாவி மனுசா, அது சம்பந்தி வீட்டு வேட்டி! வையி கீழ!"

"சும்மா இருடி, வீட்டுல வேற எது புதுசு? ஒன் மகளுக்குத்தான் யோகம்!" என்று மாமனார் வேட்டியை விரித்து வீசியே விட்டார்.

துணிக்குள் ஒரே புரளல். பிறகு ஒரு சாரை இந்தப் பக்கம், ஒரு சாரை அந்தப் பக்கம், சர்ரென்று ஓடிப்போய்விட்டன. நான் கண்ணால் பார்த்தேன். வேட்டி பாதி புல்லிலும் பாதி தேயிலைச் செடியின் மேலுமாகக் கிடந்தது.

மாமனார் கையை அகல விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். "சாரைதான் போச்சு. நாகம் உள்ளதான் இருக்கு. அதுவா மனசு வச்சுப் போற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"நாகமாம் நாகம்! சம்பந்தி வந்து வெறுந்தாம்பாளத்தப் பாத்துட்டுப் போனா, அந்த நாகத்துக்கே ஒங்க மகளக் கட்டிக் குடுங்க" என்று அத்தை அவரை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு வேட்டியை எடுக்கப் போனார்.

அந்நேரம் பார்த்துக் கீழ் வளைவில் பேச்சுச் சத்தம். நாத்தனார் ஓடிவந்தாள், முகத்தில் பவுடர் பாதிதான் பூசியிருந்தது. "அண்ணி, அவுங்க பாலத்துக்கிட்ட வந்துட்டாங்க. வேட்டி இல்லன்னா அந்த மனுசன் திரும்பிப் போயிருவாரு. ஏதாச்சும் செய்யுங்கண்ணி!"

அத்தை செடியின் மேல் கிடந்த முனையைப் பிடிக்கக் கையை நீட்டினார். பதற்றத்தில் தட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை. ஓடிப்போன இரண்டின் மேலேயேதானே எல்லார் நினைப்பும் இருந்தது! எனக்கு மட்டும் ஏனோ கண் செடிக்குள் போனது. வேட்டியின் மடிப்புக்கு ஒரு சாண் கீழே ஒரு கொப்பு கொஞ்சம் தடிப்பாக இருந்தது. இலை நடுங்குகிறது, அந்தக் கொப்பு நடுங்கவில்லை.

கத்துவதற்கு நேரமில்லை, தங்கச்சி. பக்கத்தில் பந்தல் காலில் சாத்தியிருந்த மட்டக்கம்பை எடுத்து அத்தையின் மணிக்கட்டில் ஒரே போடு போட்டேன்.

"அய்யோ! அடிச்சுட்டா! மருமக மாமியார அடிச்சுட்டா! லயமே வந்து பாருங்க!"

"அத்தை, பச்சை விரியன்."

அத்தை வாயை மூடினார். கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தைப் பார்த்தார். முக்கோணத் தலை, பூனைக் கண். இத்தனை கூச்சலுக்கும் அது நகரவே இல்லை.

மாமனார் கிட்டே வந்து குனிந்தார். "நாகமா?"

"நாகத்தோட சித்தப்பன். தள்ளி நில்லுங்க" என்றார் அத்தை.

மாமனார் கல்லை எடுத்தார். நான் வேண்டாமென்றேன். கல் தவறினால் வேட்டிக்குள் விழும், பிறகு எது எங்கே என்று யாருக்குத் தெரியும்? அது துரத்தி வருகிற பாம்பு இல்லை. கிட்டே வருகிற உடம்புச் சூட்டைக் கண்டு வெடுக்கென்று கொத்தும். அதுவும் தன் உடம்பு எட்டுகிற தூரம்தான். அந்தத் தூரத்துக்கு வெளியே நின்றால் அது பாட்டுக்கு அது, நம் பாட்டுக்கு நாம்.

"அத்தை, ஒங்க கம்பையும் எடுங்க. நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இழுக்கக்கூடாது, தூக்கணும்."

அன்றைக்குத்தான் அத்தை சேவலை விட்டுவிட்டு என்னிடம் நேராகப் பேசினார். "சரிடி. நீ சொல்லு, நான் தூக்குறேன்."

இரண்டு கம்பும் இரண்டு பக்கத்திலிருந்து மடிப்புக்குக் கீழே மெதுவாகப் போயின. வேட்டி கூடாரம் மாதிரி எழும்பியது. ஒரு குச்சியில் கரை மாட்டிக்கொண்டது. அத்தை மூச்சே விடவில்லை, கம்பின் நுனியை மட்டும் கொழுந்து கிள்ளுகிற நிதானத்தோடு ஆட்டி அதை விடுவித்தார். விரியன் தலையை மட்டும் திருப்பி, யாரடா தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. வேட்டி எங்கள் கைக்கு வந்துவிட்டது.

வந்தது சரி, நாற்றம்! சாரை பயந்தால் ஒரு நாற்றம் விடும் பார், செத்த எலியையும் அழுகின முட்டையையும் சேர்த்துப் பிசைந்தது மாதிரி. அலச நேரமில்லை. நாத்தனார் ஒரு பிடி சாம்பிராணியை நெருப்பில் போட, அத்தை வேட்டியைப் புகையில் காட்ட, நான் மண் கறைக்கு மேலே வெற்றிலையை அடுக்கினேன். மூன்று பேரும் இருமிக்கொண்டே சம்பந்தியை "வாங்க, வாங்க" என்றோம்.

சம்பந்தி தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். மூக்கு ஒருமுறை சுருங்கியது. துண்டின் மேல் கை போனது. நாத்தனார் கதவுக்குப் பின்னால் என் முந்தானையை முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள்.

"என்னங்க இது, ஒரு மாதிரி வாசம்?"

அத்தை தரையைப் பார்த்தார். மாமனார் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார். "நாகமும் சாரையும் பின்னுறப்ப மேல போட்ட வேட்டிங்க. இப்பத்தான், கொஞ்சம் முந்தி. ஒங்க வீட்டு யோகம்!"

சம்பந்தி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். போச்சு என்று நினைத்தேன். எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த வேட்டியைக் கும்பிட்டாரே பார்க்கவேண்டும்! "எங்கப்பா காலத்துலருந்து கேள்விப்பட்டதுதான், கண்ணால பாத்ததில்ல" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றும்போது மூச்சை அடக்கிக்கொண்டார், அதையும் கவனித்தேன். அன்றைக்கே நாள் குறித்தார்கள்.

மாப்பிள்ளைக்கு அந்த வேட்டி கிடைக்கவே இல்லை. துவைத்தால் யோகம் போய்விடும் என்று சம்பந்தி அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மணவறையில் மாப்பிள்ளை உட்கார்ந்தது பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியில், அதுவும் கணுக்காலுக்கு மேலே. அதைப் பார்த்து நாத்தனார் சிரித்தாள், அவனும் சிரித்தான்.

கல்யாணத்துக்கு மறு வாரமே அவர்கள் சண்டையும் தொடங்கிவிட்டது. இன்றைக்கு வரைக்கும் ஓயவில்லை. ரொட்டிக்கு ஒரு சண்டை, ரேடியோவுக்கு ஒரு சண்டை. நடுவில் ஏழு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாமனார், "எல்லாம் அந்த நாகம் குடுத்தது" என்பார். எனக்கும், பிறகு நான் சொல்லி அத்தைக்கும்தான் தெரியும், அந்த வேட்டிக்கு அடியில் நடந்தது கொஞ்சல் இல்லை, மல்யுத்தம் என்று. டிக்கோயாவிலிருந்து சண்டைச் சேதி வரும்போதெல்லாம் அத்தை என் காதோரம் வந்து, "சாரைங்க எழும்பிருச்சுடி" என்பார். நாங்கள் அடுப்படியில் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அடித்த அடியை அத்தை மறக்கவில்லை, அது வேறு கதை. ஊரில் யார் வந்தாலும் மணிக்கட்டைக் காட்டி "மருமக குடுத்த வளையல்" என்று…

இரு, இரு. கோழி ஏன் இப்படிக் கத்துகிறது? முட்டைக்கூடையில் என்னவோ புகுந்திருக்கிறது. நீ எழுந்து ஓடாதே, கையை உள்ளே விடாதே, அந்த மூலையில் மட்டக்கம்பு இருக்கிறது, அதை எடுத்துக்கொடு. தேத்தண்ணியையும் இறக்கி வை, பொங்குகிறது.