புது மானிட்டரில் முட்டையான வட்டம்

2006-ஆம் வருடம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலூரிலிருந்து தினமும் பஸ். கம்ப்யூட்டர் விஷயத்தில் அங்கே நான் வைத்ததுதான் சட்டம். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

டிசைன் அறையில் மேல்விஷாரத்துக்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. அது முடிய ஒரு வாரம்தான் பாக்கி. அவருடைய பழைய குண்டு மானிட்டருக்குப் பக்கத்தில் அகலமான புது மானிட்டர் ஒன்றை மாட்டி, படம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்ந்து போகும்படி செய்து கொடுத்தேன். அவசரத்தில் இரண்டுக்கும் ஒரே ரெசல்யூஷனை, அதாவது குண்டு மானிட்டருக்கான அகல உயரக் கணக்கையே, வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அவருக்கு ஒரு பழக்கம். வரைந்ததைத் திரையில் அசல் அளவுக்குக் கொண்டுவந்து, வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய அட்டை மாதிரியைக் கண்ணாடி மேலேயே ஒட்டிப் பிடித்துச் சரிபார்ப்பார். அன்று மதியமே என்னைத் தேடி வந்தார்.

"மேடம், புது ஸ்கிரீன்ல அகலம் ஜாஸ்தியா காட்டுது. இன்னான்னு கொஞ்சம் வந்து பாருங்க."

நான் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க. நீங்கதான் தப்பா வரைஞ்சிருப்பீங்க" என்றேன். பாவம், அவரும் நம்பிப்போய், படத்தின் வெளிக்கோட்டை இரண்டு பக்கமும் உள்ளே இழுத்துக் குறைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் சாம்பிள் ஷூவுக்குத் தோலை வெட்டித் தைத்து, கால் வடிவக் கட்டையில் ஏற்றினார்கள். ஏறவில்லை. பலமாக இழுத்ததில் பர்ரென்று கிழிந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். "அட்டையைப் பார்த்து வரையத் தெரியலன்னா எதுக்குய்யா இந்த வேலை? நாளைலேர்ந்து வராதே!" அவர் தலை குனிந்து நின்றார். தன் தப்புதான் என்றே நம்பிவிட்டார் மனிதர்.

அந்தப் படத்தை வேறொருவருக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அதைப் புதுத் திரைக்கு இழுத்தேன். பழைய திரையில் வட்டமாக இருந்த லேஸ் துளை, இந்தப் பக்கம் வந்ததும் முட்டையாகிவிட்டது. அகலத் திரைக்கும் பழைய கணக்கையே வைத்துவிட்டு எழுந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அறையில் யாரும் இல்லை. இரண்டு க்ளிக் செய்தால் சரியாகிவிடும், ஒருத்தருக்கும் தெரியாது. மவுஸை அந்த செட்டிங் வரைக்கும் கொண்டும் போய்விட்டேன். கதவு வழியாகப் பார்த்தால், அவர் தன் ஸ்கேலையும் அட்டை வெட்டும் கத்தியையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து போய், மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"இதைத்தான் படிச்சிட்டு வந்தியாம்மா?" என்று ஆரம்பித்து நல்ல டோஸ். வாங்கிக்கொண்டேன். மறுநாளே சரியான அளவில் ஷூ தயாரானது, மேல்விஷாரத்துக்காரர் வேலையும் நிலைத்தது. மன்னிப்புக் கேட்டபோது, "அட, வுடுங்க மேடம். என் கண்ணை நம்பாம உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று சிரித்தார்.

செட்டிங்கைத் தப்பாக வைத்ததுகூட எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. அதைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேனே, அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.