ஆறு மாதத்து ஆயில்

கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் அந்த அம்மாவுக்கு ‘ஒண்ணா ரெண்டாக்கா’ என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?” என்று கேட்பதுதான் பிழைப்பு. இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று எரிந்து விழுகிறவர்களே அதிகம். அவள் முகம் சுளிக்க மாட்டாள். “அவசரமில்ல, நல்லா பாத்துச் சொல்லுங்க” என்பாள்.

அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கூட இருக்கும் அண்ணனும் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், “சண்டை போட வீட்ல ஏற்கெனவே ஒருத்தி இருக்காளே” என்பார். இருவருக்கும் சேர்த்து ஒரு சின்னக் கார். ஓட்டுவது அவள், அதற்காக உருகுவது அவர். ஆயில் மாற்றும் நாள் வந்தால் போதும், கடைக்காரரோடு கட்டிப் புரளாத குறையாக வாதாடி, டப்பாவின் பின்பக்க எழுத்தையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து வாங்கி வருவார்.

அந்த அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. ஒரு சொட்டு குடித்தறியாத மனுஷன். இது என்ன நியாயமோ. முதலில் அவள் அழுதாள். பிறகு டாக்டர் டாக்டராக ஓடினாள். பிறகு இரண்டும் நின்றுபோயின. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் வருவதும் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. இன்று டாக்டர் மருந்துச் சீட்டில் பாதியை அடித்துவிட்டு, “இனிமே இது போதும்மா” என்றபோதுகூட அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள்: தனக்கு நம்பிக்கை போய்விட்டது அண்ணனுக்குத் தெரியக் கூடாது.

திரும்பும் வழியில் எஞ்சின் கரகரத்தது. “ஆயில் மாத்தணும் பாப்பா” என்றார் அண்ணன். ஐம்பது வயதிலும் அவள் பாப்பாதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். அவரால் இறங்கி நடக்க முடியாது. அவள் மட்டும் உள்ளே போனாள்.

கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே மூடி, ஒரே நம்பர்.

“என்னங்க வித்தியாசம்?”

“இது சாதாக்கா, ஆறு மாசத்துல மாத்திடணும். அது சிந்தடிக், ஒரு வருஷம் தாங்கும். ரெண்டுமே உங்க வண்டிக்கு ஒத்துக்கும். எதைக் குடுக்கட்டும்?”

“ஆறு மாசம் போதும்” என்றாள்.

யோசிக்கவே இல்லை. அவர் பில் போட ஆரம்பித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. டாக்டர் வாய்விட்டுச் சொல்லாததை, தன் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்க்காததை, முன்பின் பழகாத ஒருவரிடம் சொல்லிவிட்டாள். மாற்றித் தரச் சொல்லலாம்தான். ஆனால் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கதவைத் திறந்ததும் அண்ணன் கையை நீட்டினார். அவள் கவனிக்காதவள் போல டப்பாவைப் பின் சீட்டில் வைக்கப் போனாள்.

“இங்க குடு.”

கொடுத்தாள். மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

“சாதாவா?”

“ரெண்டும் ஒண்ணுதானாம்ணா.”

“யாரு, அவன் சொன்னானா? அவன் கெடக்கான்.” ஒரு நிமிடம் பழைய அண்ணனாக இருந்தார். பிறகு டப்பாவை அவளிடமே நீட்டினார். “எனக்கு இது போதும் பாப்பா. ஆனா வண்டிய ஓட்டப்போறது நீதானே? அதுக்கப்புறமும் நீ ஓட்டணும்ல. போய் மாத்திட்டு வா.”

கடைக்குள் போய் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். கடைக்காரர் மற்றதையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“எது வேணும்க்கா, பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றதில் எது எதென்று தெரியவில்லை.

“ஒரு வருஷத்து டப்பாவ நீங்களே எடுத்துக் குடுங்க” என்றாள்.